மன்னார்குடி ஓட்டு வீடு, தெருவில் நிற்கிற கார்: மின்சாரமா, ஹைபிரிடா?

மன்னை டீச்சர் எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்ததோடு சரி, கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். பாடம் நடத்திப் பழகின வாய்.

என்னிடம் இருப்பது 2013 டீசல் டிசையர். 2,31,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கிளட்ச் இரண்டு முறை மாற்றியாயிற்று. போன மாதம் டர்போவில் இருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். மெக்கானிக்கிடம் காட்டினால், "டீச்சர், இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க" என்கிறார். பன்னிரண்டு வருஷமாக என்னிடம் காசு வாங்கிய மனுஷர், அவரே வேண்டாம் என்றால் நம்பத்தானே வேண்டும்.

என் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு ஹரித்ராநதி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடம் வலங்கைமானுக்கு முன்னால் ஒரு கிராமத்தில். போக 27, வர 27. நடுவில் நீடாமங்கலம் ரயில்வே கேட். அந்தக் கேட்டைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; அங்கே நின்றபடி எட்டாம் வகுப்பு நோட்டு பதினைந்து வரை திருத்தியிருக்கிறேன். ஏசி இல்லாமல் வெயிலில் உட்கார முடியாது, ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டால் வயிற்றெரிச்சல். மாதத்துக்கு இரண்டு தடவை மாமியாரை முட்டி வலிக்கு தஞ்சாவூர் கூட்டிப் போக வேண்டும். பெண் தாம்பரத்தில் இருக்கிறாள், வருஷத்துக்கு மூன்று தடவை அங்கே. எல்லாம் சேர்ந்து மாதம் 1,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது, கடனையும் சேர்த்து, 14 லட்சம். ஆன் ரோடு அதற்குள் முடிய வேண்டும்.

எனக்கு மின்சார கார் ஆசை. வீட்டுக்காரருக்கு ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு ஒரு மோட்டாரும் சின்ன பேட்டரியும் சேர்ந்தது. "கரண்ட்ட நம்பி கார் வாங்குறவ டெல்டாவுலயே நீ ஒருத்திதான்" என்கிறார். கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 13 நாள் ஆயிற்று, அதை அவர் மறக்கவில்லை. ஆனால் அதே மனுஷர், பதினைந்து மா நிலத்துக்கு வைத்திருக்கிற போர் கொட்டகையில் இலவச கரண்ட் இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் சார்ஜ் போட்டுக்கொண்டால் காசே ஆகாதே என்றும் சொல்கிறார். எது அவருடைய கட்சி என்று எனக்கே புரியவில்லை.

ஷோரூம் கதை தனி. ஓர் இடத்தில் கிலோமீட்டருக்கு 80 பைசாதான் என்று அடித்துச் சொன்னார்கள். எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டால் ஒரு வண்ண அட்டையைக் காட்டுகிறார்கள். இன்னோர் இடத்தில் 13 லட்சத்துக்கே ஹைபிரிட் தருகிறேன் என்றார்கள். அது நிஜமா?

என் உண்மையான பயம் கார் இல்லை, வீடு. பழைய காலத்துத் தெரு வீடு. அகலம் 18 அடி, நீளம் 130 அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, அப்புறம் கொல்லை. மீட்டர் இருப்பது திண்ணைச் சுவரில். கார் நிற்பது தெருவில், எதிர்ச்சாரி வேப்பமரத்தடியில். ராத்திரி முழுக்கத் திண்ணையிலிருந்து தெருவின் குறுக்கே ஒயரைப் போட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வருமா? விடிகாலையில் மாடு வரும், பால்காரர் வருவார், மார்கழியில் தெரு முழுக்கக் கோலம். இது போதாதென்று சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டு வோல்டேஜ் 172 காட்டுகிறது.

இந்த மாதிரி வீட்டில் இருந்துகொண்டு மின்சார கார் வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா? மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் என்ன செய்கிறீர்கள்?


தஞ்சாவூர் 45 யூனிட் எழுதியது:

டீச்சர், நான் நெக்ஸான் மின்சார கார், 45 யூனிட் பேட்டரி வண்டி வைத்திருக்கிறேன். உங்கள் அளவு பழைய வீடு இல்லை, ஆனாலும் டெல்டா கரண்ட்தான், டெல்டா ரோடுதான்.

முதலில் அந்த 80 பைசாவை எடுத்துக் குப்பையில் போடுங்கள். அது எல்லா யூனிட்டையும் ஒரே விலைக்குப் பெருக்கின கணக்கு. நம் ஊரில் ஈபி கணக்கு அப்படி ஓடாது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அட்டவணையே மாறிவிடும். கீழே இருந்த சலுகை விலையும் போய்விடும். உங்கள் வீட்டுக்கு இப்போது இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகிறது என்று வைக்கிறேன், சரியா பாருங்கள். 2024 ஜூலை கட்டணப்படி அதற்கு 1,081 ரூபாய். சின்ன மின்சார கார் ஏசியோடு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால், யூனிட்டுக்கு 6.5 கிலோமீட்டர் தரும். உங்கள் 3,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 460 யூனிட். மொத்தம் 840. இதற்கு பில் 5,298 வரும். அதாவது காருக்காகக் கூடுகிறது 4,217 ரூபாய். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 40 காசு.

இப்போது உங்கள் டிசையர் லிட்டருக்கு 18 கொடுத்தால், 92 ரூபாய் டீசலில் அதே இரண்டு மாதத்துக்கு 15,300 ஆகும். ஆக 80 பைசா பொய் என்றாலும் மிச்சம் பொய்யில்லை. மாதம் ஐயாயிரத்துக்கு மேல் நிற்கும்.

போர் கொட்டகை யோசனையை மறந்துவிடச் சொல்லுங்கள் சாரை. விவசாய இணைப்பை வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் 2003 மின்சாரச் சட்டப்படி குற்றம். காருக்குச் சார்ஜ் போடுகிறவரைப் பிடித்தால் அபராதத்தில் ஒரு டயர் செட் வாங்கலாம்.

நீடாமங்கலம் கேட்டில் நீங்கள் ராணி மாதிரி உட்காரலாம். அரை மணி நேரம் ஏசி ஓடினால் அதிகம் போனால் அரை யூனிட். மூன்று நான்கு கிலோமீட்டர் குறையும், அவ்வளவுதான். எஞ்சின் சத்தம் கிடையாது. ஆனால் அந்தச் சத்தம் இல்லாததே ஒரு தொந்தரவு: கோழியும் ஆடும் நகராது. அறுவடை முடிந்ததும் வாத்து ஓட்டிக்கொண்டு வருவார்களே, அந்த முன்னூறு வாத்தும் நம்மைக் கண்டுகொள்ளாது. ஹாரன் அடித்து அடித்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

தாம்பரம்: கும்பகோணம், அணைக்கரை, சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி வழியாக விக்கிரவாண்டி வரை உங்களுக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அங்கே திருச்சி சாலையில் ஏறிவிட்டால் வேகச் சார்ஜருக்குப் பஞ்சமில்லை. காபி, டிபன், ஒரு மணி நேரம்; அதற்குள் 80 சதவீதம் ஏறிவிடும். 35 யூனிட் பேட்டரி எடுத்தால் ஏசியோடு 230 வரும், மனது பதறாது. 25 யூனிட் வண்டியில் 170தான் வரும். பள்ளிக்கூடம் போய்வர அது தாராளம், விக்கிரவாண்டி போய்ச் சேருகிறபோது மட்டும் சுவாமியை வேண்டிக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கு மூன்று தடவைதான் என்றால் மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்துக்கொள்ளலாமே, அதையும் யோசியுங்கள்.

தண்ணீரைப் பற்றி: பேட்டரிப் பெட்டிக்கு ஐபி 67 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் இருந்தாலும் உள்ளே போகாது என்று அர்த்தம். அதற்காக வெண்ணாற்றில் இறக்கச் சொல்லவில்லை. எந்தக் காராக இருந்தாலும் தண்ணீரில் விட்டால் சீட்டும் ஒயரும் நாறிப்போகும்.


வேதாரண்யம் உப்புக்காற்று எழுதியது:

சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் கட்சியில் ஒரு ஆள் வந்திருக்கிறேன்.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா கரை ஏறினது எங்கள் தலைமேல்தான். எங்கள் கிராமத்துக்கு 26 நாள் கரண்ட் இல்லை. போஸ்ட் மரமெல்லாம் நெல் சாய்ந்த மாதிரி சாய்ந்து கிடந்தது. 13 நாள் பட்டவர்களுக்கே அந்தப் பயம் என்றால் 26 நாள் பட்டவனுக்கு எப்படி இருக்கும்? அதனால் 2023இல் நான் எடுத்தது ஹைரைடர், ஸ்ட்ராங் ஹைபிரிட்; எஞ்சினை அணைத்துவிட்டுக் கரண்டிலேயே கொஞ்ச தூரம் ஓடுகிற வகை. 41,000 ஓடியிருக்கிறது. கம்பெனி சொல்வது லிட்டருக்கு 27.97. நான் டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்கு எழுதுகிறேன், 22, 23 வருகிறது. விசேஷம் என்னவென்றால் எங்கள் கிராமத்து ரோட்டில் 40இல் போகும்போதுதான் மைலேஜ் அதிகம், ஃபோர்வேயில் 100இல் போனால் 19க்கு இறங்கிவிடும். டீசல் வண்டிக்கு இது தலைகீழ். கேட்டில் நின்றால் எஞ்சின் தானே அணைந்துவிடும். பேட்டரி குறைந்தால் ஏசிக்காக அவ்வப்போது போட்டுக்கொள்ளும்.

13 லட்சத்து ஹைபிரிட் பற்றிக் கேட்டீர்கள். அது மைல்டு ஹைபிரிட். சிக்னலில் எஞ்சினை அணைத்துப் போடும், கிளம்பும்போது கொஞ்சம் கை கொடுக்கும். கரண்டில் மட்டும் ஒரு அடி கூட நகராது. பெயரில் ஹைபிரிட் இருக்கிறது என்று வாங்கிவிட்டு வந்து திட்டுகிற இரண்டு பேர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எஞ்சின் ஓடாம இந்த வண்டி நகருமா?" விற்கிறவர் அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் சன்ரூஃபைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், உங்கள் 14 லட்சத்தில் ஸ்ட்ராங் ஹைபிரிட் புதுசாகக் கிடைக்காது. இன்னும் சில லட்சம் தூக்கலாகப் போகும். சார் அந்த வித்தியாசத்தைத் தாளடி நெல்லில் எடுத்துத் தருவாரா என்று கேளுங்கள். பெட்ரோல் இப்போது எல்லா பங்க்கிலும் 20 சதவீத எத்தனால் கலந்தது, அதுவும் மைலேஜைக் கொஞ்சம் கடிக்கிறது.


தஞ்சாவூர் 45 யூனிட் எழுதியது:

அண்ணன் கஜாவைச் சொன்னதால் ஒன்று. கஜாவின்போது பங்க் மட்டும் எப்படி ஓடியது? ஜெனரேட்டரில். அதுவும் எத்தனை நாள், எவ்வளவு பெரிய வரிசை, அண்ணனுக்குத் தெரியாததா.

என் வண்டியில் வெளியே கரண்ட் எடுக்கிற வசதி உண்டு, 3.3 கேவிஏ வரைக்கும். ஒரு ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், லைட்டு, போன் என்றால் நாளைக்கு 4 யூனிட். புயல் எச்சரிக்கை வந்ததும் முழுக்க சார்ஜ் போட்டு மேட்டில் நிறுத்திவிட்டால், ஓட்டுவதற்கு 15 யூனிட்டை ஒதுக்கினாலும், ஒரு வாரம் வீடு ஓடும். எல்லா மாடலிலும் இது கிடையாது, கேட்டு வாங்க வேண்டும்.


வேதாரண்யம் உப்புக்காற்று எழுதியது:

ஒரு வாரம் சரி. மிச்சம் 19 நாளைக்கு? ஆனாலும் ஃபிரிட்ஜ் கதை நல்லா இருக்கு தம்பி. அப்போது எங்கள் வீட்டில் அப்பாவின் இன்சுலினை மண்பானைத் தண்ணீரில்தான் வைத்திருந்தோம்.


குடந்தை வயர்மேன் எழுதியது:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். முப்பது வருஷமாக கும்பகோணத்தில் வயரிங் வேலை. இந்த மாதிரி சார்ஜர் லைன் இதுவரை பதினோரு வீட்டில் இழுத்திருக்கிறேன், அதில் நான்கு உங்கள் வீடு மாதிரி நீள வீடு. எல்லாரும் எந்தக் கார் என்றுதான் பேசுகிறீர்கள். காரை விடுங்கள்.

தெருவுக்கு ஒயர் போடவே கூடாது. ஆள் கால் பட்டாலும் ஆபத்து, வண்டிச் சக்கரம் ஏறினாலும் ஆபத்து. உங்கள் கொல்லைக்குப் பின்னால் சந்து இருக்கிறதா, அதில் கார் நுழையுமா, முதலில் அதைப் பாருங்கள். இந்தத் தெரு வீடுகளில் பெரும்பாலும் மாட்டு வண்டி வருவதற்காகக் கொல்லைப் பக்கம் ஒரு வழி விட்டிருப்பார்கள். மாட்டு வண்டி வந்த வழியில் கார் வரும். பழைய மாட்டுக் கொட்டகை இருந்தால் இன்னும் நல்லது, நிழலும் ஆச்சு.

மீட்டர் திண்ணையில், கார் கொல்லையில் என்றால் 130 அடி லைன் இழுக்க வேண்டும். வீட்டில் இருக்கிற பழைய லைனில் ஒட்டுப் போடாதீர்கள். மீட்டர் பக்கத்திலிருந்தே தனி லைன், லோடு மீறினால் தானே விழுகிற தனி எம்சிபி, கூடவே கரண்ட் கசிந்தால் விழுகிற ஆர்சிசிபி. அது முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டும். வயர் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் போதும், நாளைக்குப் பெரிய சார்ஜர் வைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே 6 போட்டுவிடுங்கள், சுவரை இரண்டு தடவை கொத்த வேண்டாம். கட்டாயம் பைப்புக்குள். கொல்லை என்றால் வைக்கோல், வைக்கோல் என்றால் எலி. ஒரு வீட்டில் காரை விட்டுவிட்டு சார்ஜர் வயரை மட்டும் கடித்து வைத்திருந்தது.

சாதாரண 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டாம். அயர்ன்பாக்ஸ் பத்து நிமிஷம் ஓடும், இது ராத்திரி மணிக்கணக்கில் 13, 14 ஆம்பியர் இழுக்கும். மலிவான சாக்கெட் உருகிப்போனதைக் கழற்றி வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன். மூடி போட்ட இண்டஸ்ட்ரியல் சாக்கெட் வையுங்கள், தரையிலிருந்து நாலு அடி உயரத்தில். ஐப்பசி மழையில் கொல்லையில் தண்ணீர் நின்றால் அன்றைக்குச் சார்ஜ் போட வேண்டாம்.

இப்போது முக்கியமானது எர்த், கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்குகிற வயர். உங்கள் வீட்டில் எர்த் இருக்காது. இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சுவிட்சுப் பெட்டியில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் வயர் இருக்கும், அது எங்கே போகிறது என்று தொடர்ந்து போனால் எங்கேயோ சுவருக்குள் நின்றுவிடும். ஃபிரிட்ஜும் டிவியும் இதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். மின்சார கார் ஓடாது. சார்ஜரைச் செருகினதும் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். வண்டி கோளாறு என்று ஷோரூமோடு சண்டை போடுவார்கள். நான் போய்ப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் எர்த்துதான். கிணற்றடிப் பக்கம் ஈரமான இடமாகப் பார்த்துப் புதுசாகக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டுப் பைப் இறக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரெண்டு குடம் தண்ணி.

வோல்டேஜ் 172 என்றது சாயங்காலம் ஏழுக்கு. ராத்திரி 11 மணிக்கு அளந்து பாருங்கள், உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். உங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 8, 9 யூனிட், மூன்று மணி நேர வேலை. படுக்கும்போது டைமர் வைத்தால் தீர்ந்தது. ஏசிக்கு வைக்கிற ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து இதில் கோக்காதீர்கள், தாங்காது. அப்புறம் ஈபியில் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுங்கள். பழைய வீட்டு இணைப்பில் ஒரு கிலோவாட், ரெண்டு கிலோவாட் என்றுதான் போட்டிருக்கும், சார்ஜர் ஒன்றே மூன்றுக்கு மேல்.

இதெல்லாம் முடியாத வீடு என்றால் ஹைபிரிட் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் காரை புக் பண்ணிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டுவிட்டுப் புக் பண்ணுங்கள்.


மன்னை டீச்சர் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் பெரிய நன்றி. வயர்மேன் அண்ணன் சொன்னதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டுபோய் இங்கேயே ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். வந்து பார்த்தார்.

எர்த் வயர் முற்றத்துத் தூண் வரைக்கும் வருகிறது. அதற்கு அப்புறம் இல்லை. 1994இல் மாமனார் முற்றத்துக்கு சிமென்ட் போட்டபோது யாரோ வெட்டிவிட்டுப் பூசியிருக்கிறார்கள். இதில் இன்னொன்று தெரிந்தது. எங்கள் வீட்டுக் கிரைண்டரைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கும். அது அந்தக் கிரைண்டரின் குணம் என்று நினைத்து, முன்னால் ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் மாவு அரைப்போம். கிரைண்டர் மாறிற்று, பலகை மாறவில்லை. புதுக் கிரைண்டரும் இழுத்தபோதுகூட யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இயற்பியல் நடத்துகிறவள் நான், எட்டாம் வகுப்புக்கு எர்த் படம் போர்டில் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

ராத்திரி 11 மணிக்கு வோல்டேஜ் 218. கொல்லைச் சந்தில் டிசையரை ஓட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரு ஜாண் விட்டு நுழைகிறது. மாட்டுக் கொட்டகையில் இருந்த விறகையும் பழைய அண்டாவையும் எடுத்தாயிற்று. 6 ஸ்கொயர் வயர், எர்த், சாக்கெட், கூலி எல்லாம் 21,600. இதை 14 லட்சத்தில் கழித்துத்தான் கார் பார்க்கிறேன். ஈபியில் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

35 யூனிட் பேட்டரி உள்ள பஞ்ச் மின்சார கார் ஓட்டிப் பார்த்தேன், கீழ் வேரியன்ட். சன்ரூஃப் இல்லை, எனக்கு வேண்டவும் வேண்டாம். நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது, நல்லதாகப் போயிற்று, அங்கேயே இருபது நிமிஷம் ஏசி போட்டு நிறுத்திப் பார்த்தேன். ஒரு சதவீதம் குறைந்தது. வீட்டுக்காரர் பின் சீட்டில் உட்கார்ந்து ஒன்றும் பேசவில்லை. கடைசியில், ஷோரூம் ஆளிடம், இதில் இருந்து வெளியே கரண்ட் எடுக்கலாமா என்று அவரேதான் கேட்டார். வேதாரண்யம் அண்ணனுக்கு வருத்தம் வேண்டாம், அவருக்குப் புயல் பயம் போகவில்லை, அதற்கு ஒரு வழி மட்டும் தேடுகிறார்.

ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார், ஆவணியில்தான். கிரைண்டர் முன்னால் இருந்த பலகையை எடுத்தாயிற்று. மாமியார் மட்டும் இன்னும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் மாவு அரைக்கிறார்.